எட்டு நாளாகப் புதுப் பனி இல்லை, எச்சரிக்கை நிலை 2: 35 டிகிரி வடக்குச் சரிவில் இறங்கலாமா?

#1 தடம்தேடி

பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையில் இருப்பது இது. எச்சரிக்கை நிலை 2. 2200 மீட்டருக்கு மேல் வடமேற்கு, வடக்கு, வடகிழக்கு பார்த்த சரிவுகளில் “நீடிக்கும் பலவீன அடுக்கு”. கடைசியாகப் பனி விழுந்து எட்டு நாள். காற்று இல்லை, வானம் தெளிவு, இரவில் மைனஸ் 12, பகலில் மைனஸ் 4.

பார்த்து வைத்திருக்கும் சரிவு வடக்கு பார்த்தது. வரைபடத்தில் 35 டிகிரி போலத் தெரிகிறது. மேலிருந்து கீழ்வரை 250 மீட்டர். ஏற்கெனவே நான்கு பேர் ஸ்கீயில் இறங்கிய தடமும் இருக்கிறது.

என் கணக்கு: எட்டு நாளில் பனி இறுகியிருக்கும், நிலையும் 2தான், தடமும் கிடக்கிறது. மேலே ஒரு குழி தோண்டிச் சோதித்துவிட்டு இறங்குவது திட்டம். மூன்று பேர். எங்கே ஓட்டை?

#2 பொருக்கு

மூன்று காரணத்திலும் ஓட்டை இருக்கு. முதல்ல “எட்டு நாளில் இறுகியிருக்கும்” என்பதை எடுத்துக்குவோம்.

புதுப் பனி தன் எடையிலேயே அமுங்கி இறுகும், உண்மைதான். காற்று அள்ளிக் குவிச்ச பலகையும் (பலகை மாதிரி ஒண்ணா இறுகின பனி அடுக்கு) பெரும்பாலும் சில நாளில் அடியோடு பிடிச்சுக்கும். ஆனா உங்க அறிக்கை அதைச் சொல்லலையே. “நீடிக்கும்” என்று ஒரு சொல் போட்டிருக்காங்க பாருங்க, விஷயமே அதுலதான் இருக்கு.

பனியின் அடிப்பகுதி, தரையை ஒட்டி, கிட்டத்தட்ட எப்பவும் 0 டிகிரி. மேற்பரப்பு குளிர்ந்தா கீழிருந்து மேலே நீராவி நகரும். 10 செ.மீ.க்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தா, உருண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வேண்டிய மணிகள் ஒட்டாது. விளிம்பு கூர்ந்து, பட்டை தீட்டின படிகமா மாறும். கையில் அள்ளினா சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் வழியும். எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்க வராது.

உங்க எண்களையே வெச்சுப் பார்ப்போம். தெளிந்த இரவில் பனியின் மேற்பரப்பு வானத்துக்கு வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால காற்றை விட இன்னும் குளிரும். காற்று மைனஸ் 12 என்றால் மேற்பரப்பு மைனஸ் 18 என்று வெச்சுக்கங்க. பனி 60 செ.மீ. கிடக்கும் இடத்தில் 10 செ.மீ.க்கு 3 டிகிரி. 2 மீட்டர் கிடக்கும் இடத்தில் 0.9 டிகிரிதான். ஒரே மலை, ஒரே இரவு. ஒரு இடத்தில் பனி இறுகுது, முப்பது அடி தள்ளி சர்க்கரை வளருது. நீங்க நல்ல வானிலை என்று நினைச்ச எட்டு நாளும் பனி மெல்லிசா இருக்கும் இடத்தில் அந்தப் பலவீன அடுக்கை வளர்த்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொண்ணு, இந்த எட்டு தெளிந்த இரவுகளில் மேற்பரப்பில் இறகு இறகா உறைபனி பூத்திருக்கும். பார்க்க அழகு. இப்போ அதனால ஒண்ணும் ஆகாது. அடுத்த பனி அதன் மேல் விழுந்து மூடியதும் அதுவே புதுப் பலவீன அடுக்கு. எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் பூத்திருக்கு என்று இன்னைக்கே குறிச்சு வெச்சுக்கங்க, அடுத்த வாரம் உதவும்.

#3 முகட்டோரம்

எண்ணைப் பற்றி நான் சொல்கிறேன்.

1993-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஐந்து நிலை அளவுகோல்தான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த எண் ஒரு முழு வட்டாரத்துக்கானது, உங்கள் சரிவுக்கானது அல்ல. தூண்டுவது எவ்வளவு எளிது, அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை, சரிந்தால் எவ்வளவு பெரிதாகச் சரியும் என்ற மூன்றையும் ஒரே எண்ணில் அமுக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நிலை 2-க்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, முகட்டை ஒட்டிய சின்னக் காற்றுப் பலகைகள்: எளிதில் உடையும், கண்ணுக்குத் தெரியும், ஆளைப் புதைக்கும் அளவு பனி வராது. இன்னொன்று, அடியில் சர்க்கரை: ஆபத்தான இடங்கள் குறைவு, தூண்டுவதும் சிரமம், ஆனால் உடைந்தால் சரிவு முழுக்க உடையும். அறிக்கையின் பத்தியைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பத்தியைப் படியுங்கள்.

சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முண்டரின் எளிய கணக்கு பலருக்குத் தெரிந்திருக்கும்: நிலை 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழ், நிலை 3 என்றால் 35-க்குக் கீழ், நிலை 4 என்றால் 30-க்குக் கீழ். அந்தக் கணக்குப்படி உங்கள் சரிவு தேறிவிடும். அதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் அறிக்கை பெயர் சொல்லிக் காட்டும் உயரத்துக்குள், பெயர் சொல்லிக் காட்டும் திசையில்தான் நிற்கப் போகிறீர்கள். நீடிக்கும் பலவீன அடுக்கு என்று எழுதியிருக்கும் இடத்துக்குள் நான் எண்ணை ஒன்று கூட்டித்தான் படிப்பேன். 3 என்று படித்தால் 35 தேறாது.

நிலை 3 என்றால் நடுவாந்தரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி: சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி 3 என்று அறிவித்த நாட்களில்தான் நடக்கிறது. 4, 5 என்றால் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

(தென் அரைக்கோளத்தில் இருந்து படிப்பவர்கள் வடக்கு என்பதைத் தெற்கு என்று திருப்பிக்கொள்ளவும். நிழல் விழும் பக்கம் என்பதுதான் பேச்சு.)

#4 தடம்தேடி

புரிகிறது. ஆனால் தடம்? நான்கு பேர் இறங்கி ஒன்றும் ஆகவில்லையே. அது சோதனை மாதிரிதானே?

#5 பொருக்கு

நாலு தடம் என்றால் நாலு கோடு. அந்தக் கோடுகளுக்கு அடியில் என்ன இருந்ததோ அதை மட்டும்தான் அழுத்தியிருக்காங்க.

ஸ்கீயில் போற ஒருத்தர் கொடுக்கிற அழுத்தம் பனிக்குள்ள வேகமா நீர்த்துப் போகும். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழ ஒண்ணும் பெரிசா எட்டாது. மேல இருக்கிற பலகை கெட்டியா இருந்தா இன்னும் குறையும், ஏன்னா பலகை எடையைப் பரப்பிவிடும். அதனாலதான் ஆழத்தில் இருக்கிற சர்க்கரையைப் பத்துப் பேர் தாண்டியும் போகலாம். பதினோராவது ஆள் ஒரு பாறை பக்கத்தில், பலகை 30 செ.மீ. மட்டும் இருக்கிற இடத்தில் திரும்புவார். அங்கே அழுத்தம் அடிவரை எட்டிடும். விரிசல் அந்த மெல்லிய இடத்தில் பிறந்து, பக்கத்தில் 1 மீட்டர் கெட்டியா இருக்கிற பலகைக்கு அடியிலும் நொடியில் ஓடிடும். அவர் மட்டுமில்லாம சரிவு முழுக்கக் கிளம்பும்.

ஆகவே பாறை தலை நீட்டும் இடம், பனிக்கு வெளியே புதர் நுனி தெரியும் இடம், சரிவு வயிறு தள்ளி மடங்கும் இடம், பலகையின் ஓரம் இதெல்லாம் தொடக் கூடாத பொத்தான்கள். பாறை பக்கம் போய் ‘பத்திரமா’ நிக்கிறாங்களே சிலர், அதைப் பார்த்தாலே வயிறு கலங்கும்.

#6 சாய்வளவு

“35 போலத் தெரிகிறது” என்பதில் எனக்குப் பிரச்சினை. இந்த முழு விவாதத்திலும் கருவியால் சரியாக அளக்கக் கூடியது சாய்வு ஒன்றுதான். அதைக் கண்மதிப்பில் விடலாமா?

உலர்ந்த பனிப் பலகை 30 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் சரியும், ஏனென்றால் உடைந்த பிறகும் அடியில் உராய்வு பிடித்து நிறுத்திவிடும். அதிகம் சரிவது 35-லிருந்து 45-க்குள். அதாவது ஸ்கீ ஆட்களுக்குப் பிடித்த அதே சாய்வு. 29-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

1:25,000 வரைபடம், சமஉயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை அளக்காதீர்கள், பிழை அதிகம் வரும். தடித்த 100 மீட்டர் கோடுகளுக்கு நடுவில், கோடுகளுக்குச் செங்குத்தாக அளவுகோலை வையுங்கள். 6.9 மி.மீ. இருந்தால் 30 டிகிரி. 5.7 என்றால் 35. 4.8 என்றால் 40. ஒரு மி.மீ. தவறினால் ஐந்து டிகிரி போச்சு, அதனால் வேறு அளவீட்டில் அச்சிட்ட தாளில் இந்த எண்களை அப்படியே போட்டுவிட வேண்டாம்.

#7 தடம்தேடி

செயலியில் சாய்வுக்கு நிறம் அடித்துக் காட்டுகிறதே? அதில் பெரும்பகுதி 30–35 நிறம், நடுவில் கொஞ்சம் 35–40.

#8 சாய்வளவு

அப்படியென்றால் உங்கள் சரிவு 40 தொடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிறங்கள், தரையின் உயரத்தைக் கட்டம் கட்டமாகப் பதிந்த உயர மாதிரியிலிருந்து கணக்கிட்டவை. கட்டம் 30 மீட்டர் என்றால் அதற்குள் இருக்கும் 10 மீட்டர் மேடு, மடிப்பு எல்லாம் சராசரியில் கரைந்துவிடும். கட்டம் பெரிதாகப் பெரிதாகச் சரிவு படுத்ததுபோலக் காட்டும். பனி விழாத காலத்துத் தரையை வைத்துத்தான் கணக்கு; காற்று குவித்த மேடு அதில் வராது. சாய்வு என்றால் சராசரி அல்ல, சரிவிலேயே செங்குத்தான துண்டு எதுவோ அதுதான். ஏனென்றால் அங்கேதான் பனிச்சரிவு பிறக்கும்.

களத்தில் அளக்க இரண்டு ஸ்கீ கோல் போதும், இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒரு கோலைச் சரிவு இறங்கும் நேர்க்கோட்டில் பனிமேல் படுக்கப் போட்டு அழுத்துங்கள், முனை மேட்டுப் பக்கம், கைப்பிடி பள்ளத்துப் பக்கம். அச்சு விழும். முனையை மேல் புள்ளியிலேயே வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்குங்கள். இரண்டாவது கோலை அந்தக் கைப்பிடியோடு சேர்த்து இரண்டு விரலில் பிடித்து, தூக்குக்குண்டு மாதிரி தொங்க விடுங்கள். முதல் கோலை ஏற்றி இறக்கிப் பார்த்து, தொங்கும் கோலின் முனை பனியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது நிறுத்துங்கள். அச்சின் கீழ் நுனியில் தொட்டால் சரியாக 30 டிகிரி. கீழ் நுனியைத் தாண்டிப் பள்ளத்துப் பக்கம் தொட்டால் 30-க்கு மேல்; 120 செ.மீ. கோலுக்கு 10 செ.மீ.க்கு ஏறக்குறைய 3 டிகிரி கூட்டிக்கொள்ளலாம். அச்சுக்குள்ளேயே தொட்டால் 30-க்குக் கீழ்.

இதைச் சரிவுக்குள் போய்ச் செய்யக் கூடாது. ஓரத்தில், அதே சாய்வுள்ள சின்ன மேட்டில் செய்யுங்கள். அளவு எடுக்கப் போய் மாட்டிக்கொண்டால் அதைவிடக் கேவலம் இல்லை.

#9 அடுக்குநோக்கி

குழியைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவர் சோதிக்கத்தான் போகிறார். நீட்டிய தூண் சோதனையை ஒழுங்காகச் செய்தால் பலவீன அடுக்கில் விரிசல் ஓடுமா ஓடாதா என்று நேராகவே தெரிந்துவிடும். 2006 வாக்கில் சிமென்ஹாய்ஸும் பர்க்லண்டும் கொண்டுவந்தது, இன்றைக்கும் களத்தில் இதைவிடப் பயனுள்ள சோதனை கிடையாது.

முறை: சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. உள்ள தூணைத் தனியாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பின்பக்கமும் ரம்பத்தாலோ முடிச்சுப் போட்ட கயிற்றாலோ, பலவீன அடுக்கைத் தாண்டிக் கீழ்வரை அறுக்க வேண்டும். தூணின் ஒரு ஓரத்தில் ஷவலின் (பனி அள்ளும் மண்வாரி) தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. விரிசல் பிறந்த தட்டிலோ அதற்கு அடுத்த தட்டிலோ 90 செ.மீ.யும் கடந்து மறுமுனை வரை ஓடினால் கதை முடிந்தது, அந்தச் சரிவுக்கு அன்றைக்கு முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான். எத்தனையாவது தட்டு என்பது இரண்டாம்பட்சம். ஓடியதா என்பதுதான் கேள்வி.

ஆட்கள் செய்யும் தவறுகள்: பின்பக்கத்தை அறுக்காமல் விடுவது, அல்லது மேலே மட்டும் அறுத்து அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது. அப்போது எதுவும் உடையாது, “கெட்டியாக இருக்கிறது” என்று எழுந்து போவார்கள். இன்னொன்று, ஆள் நடமாடி மிதித்த இடத்தில் தோண்டுவது.

#10 முகட்டோரம்

சோதனை முறையில் குறை இல்லை, அதை என்ன கேள்விக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

விரிசல் ஓடினால் ‘வேண்டாம்’. சரி. ஓடவில்லை என்றால்? #2-ல் பொருக்கு சொன்னதைப் பாருங்கள்: முப்பது அடி தள்ளினால் பனி வேறு. 250 மீட்டர் உயரச் சரிவில் 0.27 சதுர மீட்டரைப் பார்த்துவிட்டு முழுச் சரிவுக்கும் சான்றிதழ் கொடுக்கிறோம். ஒரு குழி ‘போகலாம்’ என்று சொல்வதற்கில்லை, ‘வேண்டாம்’ என்று மட்டுமே சொல்ல முடியும். தடம்தேடியின் திட்டத்தைத் திரும்பப் படியுங்கள்: “சோதித்துவிட்டு இறங்குவது”. இறங்குவது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சோதனை வெறும் சடங்கு.

#11 அடுக்குநோக்கி

ஒரு குழியை வைத்துச் சரிவைத் திறக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழியே வேண்டாம் என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. அறிக்கை சொல்லும் அடுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறதா, எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது, மேலே பலகை எவ்வளவு கெட்டி என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி. அதற்கு ஒரு மணி நேரம் தேவையில்லை. ஏறும் வழியில் கோலைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியால் நிதானமாகக் குத்திக்கொண்டே வாருங்கள். கெட்டியாகப் போய், திடீரென்று கை வெறுமைக்குள் இறங்கினால் அதுதான் அடுக்கு. சந்தேகம் வந்த இடத்தில் 60 செ.மீ. தோண்டி விரலால் குத்திப் பார்க்கலாம்: முஷ்டியே உள்ளே போகிறதா, நான்கு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்திதான் போகுமா. ஒரு விரல் கெட்டிப் பலகைக்கு அடியில் முஷ்டி போகும் சர்க்கரை இருந்தால் அதுவே போதுமான சேதி.

இதைப் பத்து இடத்தில், இரண்டு இரண்டு நிமிடமாகச் செய்வது ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்வதை விட மேல். தோண்டும் இடம் சரிவின் அதே திசையில், அதே உயரத்தில், சராசரியை விடப் பனி குறைவாக உள்ளதாக, சரிந்தாலும் ஆளை எட்டாததாக இருக்க வேண்டும். மரத்தடி கூடாது, கிளையிலிருந்து விழுந்த பனி அடுக்கையே குலைத்திருக்கும்.

#12 பொருக்கு

குழி தோண்டாமலே மலை தானா சொல்ற சேதிகளும் இருக்கு. பக்கத்தில் அதே திசையில் புதுசா ஏதாவது சரிஞ்சிருக்கா. நடக்கும்போது காலடியில் “தொம்” என்று அமுங்குற சத்தம். ஸ்கீ நுனியிலிருந்து கண்ணாடி விரிசல் மாதிரி கோடு ஓடுறது. அந்த “தொம்” வேற ஒண்ணுமில்லை, சர்க்கரை அடுக்கு நொறுங்கிப் பலகை ஒரு சில மில்லிமீட்டர் கீழ உட்காருற சத்தம். சமதரையில் கேட்டா உட்கார்ந்ததோட நின்னுடும். அதே விரிசல் சமதரையிலிருந்து ஓடி நூறு மீட்டர் தள்ளி இருக்கிற 35 டிகிரி சரிவை அவிழ்த்துவிடவும் செய்யும். சரிவுக்கு அடியில் இருக்கிற சமதரைப் பாதை பத்திரம் என்று நினைச்சு அதுல போறவங்க இதைக் கவனிக்கணும்.

சத்தம் கேட்கலை, விரிசல் ஓடலை என்றால்? அதுக்கு அர்த்தம் கேட்கலை என்பது மட்டும்தான்.

#13 சாய்வளவு

அடிப் பாதைக்கு ஒரு கணக்கு: நிற்கும் இடத்திலிருந்து சரிவின் உச்சியைச் சாய்வுமானியால் பாருங்கள். பார்வைக் கோடு 30 டிகிரிக்கு மேல் ஏறினால் சாதாரணப் பனிச்சரிவே எட்டும். 20-க்கும் 30-க்கும் நடுவில் பெரியது எட்டும். 18-க்குக் கீழ் போய்விட்டால் அநேகமாக எதுவும் வராது. சாப்பிட உட்காரும் இடத்தை இப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், வெயில் அடிக்கும் பாறையைப் பார்த்து அல்ல.

#14 தடம்தேடி

சரி, திட்டத்தை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கருவிகளைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். மூன்று பேரிடமும் பீக்கான் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் இருக்கிறது. இருவரிடம் ஏர்பேக் பை (கைப்பிடியை இழுத்தால் காற்று நிரம்பி விரியும் முதுகுப் பை). இது எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

#15 கம்பிச்சுருள்

ஏர்பேக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் மயக்கம் அதிகம். 2014-ல் வெளிவந்த ஆய்வில், பெரிதாக மாட்டிக்கொண்டவர்களின் இறப்பு விகிதம் பை விரிந்தால் 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. பாதி. அதே ஆய்வில் ஐந்தில் ஒரு பை விரியவே இல்லை; அதற்கு முக்கியக் காரணம் ஆள் கைப்பிடியை இழுக்காததுதான். தோள்பட்டைக்குள் மடித்து வைத்த கைப்பிடியை எடுக்க மறந்தவர், இழுக்கலாமா என்று யோசித்தவர், கைக்கு எட்டாதவர். பையைப் போட்டதும் கைப்பிடியை வெளியே எடுப்பது, கால் வார் மாட்டுவது இரண்டும் ஒரே அசைவில் வர வேண்டும். வார் மாட்டாவிட்டால் பை தலைக்கு மேல் கழன்று போகும்.

ஏர்பேக் மேலே மிதக்க வைப்பது பனி ஓடிக்கொண்டிருக்கும் வரைதான். கீழே ஓடைப் பள்ளம் இருந்தால் பின்னால் வரும் பனி மேலே வந்து நிரப்பிவிடும். மரம், பாறை மீது அடித்தால் பை என்ன செய்யும்? கனடாவில் பனிச்சரிவில் இறந்தவர்களில் நாலில் ஒருவருக்குக் காரணம் மூச்சுத் திணறல் அல்ல, அடிபட்ட காயம்.

புதைந்தவருக்கு எவ்வளவு நேரம்? 1994 முதல் எல்லோரும் சொல்லி வந்த எண் 18 நிமிடம். 1981 முதல் 2020 வரையிலான சுவிஸ் தரவை வைத்து 2024-ல் அதைத் திருத்திவிட்டார்கள்: 10 நிமிடம். அதுவரை எடுத்தால் 91 சதவீதம் பிழைக்கிறார்கள். 30 நிமிடம் ஆனால் 31 சதவீதம். மீட்புக்குழு பறந்து வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வராது. கூட இருக்கும் இருவர்தான் மீட்புக்குழு.

#16 தடம்தேடி

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன வரிசை? பீக்கானைத் தேடல் முறைக்கு மாற்றி, அம்பு காட்டும் பக்கம் திருப்பித் திருப்பிப் போக வேண்டும், அவ்வளவுதானே?

#17 கம்பிச்சுருள்

தூரத்தில் அம்பைப் பின்பற்றுவது சரி. கிட்டத்தில் திருப்பினால் கெட்டது.

முதல் வேலை, நின்று பார்ப்பது: இன்னொன்று வருமா, கடைசியாக ஆள் எங்கே தெரிந்தார். மற்றவரும் தன் பீக்கானை அனுப்பும் முறையிலிருந்து எடுத்தாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒருவர் மறந்தாலும் அவரையே தேடிச் சுற்றிவருவீர்கள். கடைசியாகத் தெரிந்த புள்ளியிலிருந்து கீழ்நோக்கி. தேடுவது ஒருவர் என்றால் வளைந்து வளைந்து, திருப்பங்களுக்கு நடுவே 40 மீட்டர், ஓரத்திலிருந்து 20 மீட்டருக்கு மேல் தள்ளாமல். வெளியே நீட்டும் கையுறை, கோல் எதுவானாலும் இழுத்துப் பாருங்கள்.

சிக்னல் கிடைத்ததும் அம்பு, தூரம் காட்டும் எண். எண் கூடினால் எதிர்ப்பக்கம் போகிறீர்கள். 10 மீட்டரில் வேகத்தைக் குறையுங்கள். 3 மீட்டரில் கருவியைப் பனியை ஒட்டி இறக்கி, அதன் மூக்கு பார்க்கும் திசையை மாற்றாமல், முன்னும் பின்னும், பிறகு குறுக்கே ஒரு சிலுவை. இங்கேதான் திருப்பக் கூடாது, ஏனென்றால் ஆன்டெனா மாறி எண் குதிக்கும். மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் ஷவலைக் குத்தி அடையாளம்.

ப்ரோப் பனியின் பரப்புக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும், வானத்துக்குச் செங்குத்தாக அல்ல. பட்டால் சரி, இல்லையென்றால் 25 செ.மீ. இடைவெளியில் சுருளாக வெளியே போங்கள். தரை ‘டங்’ என்று தடுக்கும், ஆள் மெத்தைபோல அமுங்கித் தடுக்கும். பட்டதும் கம்பியை உருவாதீர்கள். அதிலுள்ள செ.மீ. கோட்டைப் படியுங்கள், அதுதான் ஆழம்.

பெரும்பாலானோர் நேரத்தை இழப்பது தோண்டுவதில். கம்பியின் மேலிருந்தே கிணறு வெட்டினால் நீங்களே அவர் மூச்சு இடத்தை மிதித்து நசுக்குவீர்கள், அள்ளிய பனியும் திரும்ப உள்ளேயே விழும். ஆழம் 1 மீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர் பள்ளத்துப் பக்கம் இறங்கி நின்று, கிடையாக உள்நோக்கி வெட்டுங்கள். அள்ளி வீசாதீர்கள்; கட்டியாக அறுத்து, துடுப்புப் போடுவதுபோலப் பின்னால் தள்ளுங்கள். நின்றுவிட்ட சரிவுப் பனி சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கு மேல் நகர்த்த வேண்டிவரும். அதனால்தான் பிளாஸ்டிக் ஷவலை யாரும் சிபாரிசு செய்வதில்லை, தகடு வளைந்துவிடும். இருவர் என்றால் ஒருவர் முன்னால் வெட்ட, மற்றவர் பின்னால் தள்ள, நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். முகம் தெரிந்ததும் வாயையும் மூக்கையும் துப்புரவாக்கி மூச்சுக் கொடுப்பதுதான் முதலில். கால் கை பிறகு.

போன்: பீக்கான் அனுப்பும்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி. சூடேற்றும் கையுறை, ஸ்மார்ட் கடிகாரம், காந்தப் பொத்தான் எல்லாம் இதில் அடக்கம். எல்லாக் கம்பெனி பீக்கானும் ஒரே 457 கிலோஹெர்ட்ஸ்தான், பழசு புதுசு கலந்தாலும் பேசிக்கொள்ளும். காலையில் கிளம்பும் முன் ஒருவர் தள்ளி நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போய், அனுப்புவதும் வாங்குவதும் இரண்டும் சரிதானா என்று பார்க்க வேண்டும். ‘ஆன்’ என்று திரை சொல்வது சோதனை ஆகாது.

#18 முகட்டோரம்

புதைந்தாலும் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் புதையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 30 டிகிரிக்கு மேல் எங்கே போனாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மற்ற இருவரும் பனிச்சரிவு எட்டாத இடத்தில், பார்வையில். ஏறும்போது அது முடியாவிட்டால் குறைந்தது 10 மீட்டர் இடைவெளி. அது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, பனியின் மேல் எடை ஒரே இடத்தில் குவியாமல் இருக்கவும்தான். ஒருவருக்கு மேலே இன்னொருவர் நிற்பது எப்போதும் வேண்டாம்.

#19 தடம்தேடி

புதுத் திட்டம்: அதே முகடு, ஆனால் தென்கிழக்குப் பக்கம். வரைபடத்தில் 100 மீட்டர் கோடுகளுக்கு நடுவே 8 மி.மீ. வருகிறது, கணக்குப்படி 27 டிகிரி. மேற்பரப்பு வெயில் பட்டு உறைந்த பொருக்கு. முகட்டில் வடக்குப் பக்கமாகப் பனிவிளிம்பு தொங்குகிறது. பார்க்க வேண்டியது என்ன?

#20 சாய்வளவு

8 மி.மீ. சரி, 27 வரும். இருபுறமும் ஒட்டியுள்ள சரிவையும் அளந்தீர்களா? 27-ல் நின்றுகொண்டு மேலே தொங்கும் 36-ஐ அவிழ்த்துவிடலாம்.

#21 பொருக்கு

பகல் மைனஸ் 4 என்றால் பொருக்கு மத்தியானம் கூட முழுசா இளகாது. அதனால ஈரப் பனிச்சரிவை விட வழுக்கல்தான் கவலை. ஸ்கீ கிராம்பானை (ஸ்கீக்கு அடியில் மாட்டுற பல்) பையின் அடியில் வைக்காம மேலயே வைங்க. 27 டிகிரி கண்ணாடிப் பொருக்கில் விழுந்தா கீழவரை நிக்காது. வெயில் ஏறி, பூட்ஸ் கணுக்கால் வரை புதைய ஆரம்பிச்சா, மேட்டிலிருந்து பனிச் சக்கரங்கள் தானா உருள ஆரம்பிச்சா, நேரம் முடிஞ்சுது, இறங்கிடுங்க. இரவு மேகம் மூடியிருந்தா பொருக்கு கெட்டியாவே ஆகியிருக்காது, அப்ப இந்தக் கணக்கு காலையிலேயே தொடங்கிடும்.

#22 முகட்டோரம்

விளிம்பு நீங்கள் நினைக்கும் இடத்தில் உடையாது. பாறை எங்கே முடிகிறது என்று பனிக்கு மேலிருந்து தெரியாது, விரிசல் பின்னால் தரை வரை வந்து உடையும். ஏறும் வழியில் பக்கவாட்டில் தள்ளி நின்று முகட்டைப் பார்த்து, பாறைக் கோடு எது, தொங்கல் எது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு பாறையோ புல்லோ பனிக்கு வெளியே தெரியும் கோட்டுக்குத் தென்கிழக்கிலேயே நடங்கள். வடக்குச் சரிவை எட்டிப் பார்க்க ஆசை வரும். கீழே இறங்கி எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள், முழுச் சரிவும் ஒரே பார்வையில் தெரியும், எதாவது தானாகச் சரிந்திருக்கிறதா என்பதும் அங்கிருந்துதான் தெரியும்.